பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் கட்டிய தளம் ஏன் மெதுவாகிறது, எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: பிஎச்பி நிரல்மொழிக்கான லாராவெல் ஃபிரேம்வொர்க்கில் (தளம் கட்டுவதற்கான ஆயத்த நிரல் அடித்தளம்) கட்டிய தளம் ஒன்று தொடக்கத்தில் நன்றாக ஓடியது, பயனர்களும் தரவும் பெருகிய பிறகு ஒரு பக்கம் திறக்க மூன்று நான்கு வினாடி ஆகிறது. இதை வெறும் பிஎச்பியில் திருப்பி எழுதினால் சரியாகுமா, அல்லது இதைவிட வேகமான வேறொரு ஃபிரேம்வொர்க்குக்கு மாற வேண்டுமா?

பெரும்பாலான தளங்களுக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் பதில். லாராவெல், சிம்ஃபனி, கோட்இக்னைட்டர், யீ ஆகியவற்றுக்கு இடையே வேக வேறுபாடு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒழுங்காக அமைக்கப்பட்ட சர்வரில் ஒரு ஃபிரேம்வொர்க் தன்னைத் தொடங்கிக்கொள்ள எடுக்கும் நேரம் சில மில்லிவினாடிகள், மிஞ்சிப்போனால் சில பத்து மில்லிவினாடிகள்தான். மூன்று வினாடி, அதாவது 3000 மில்லிவினாடி எடுக்கும் பக்கத்தில் அந்தப் பங்கை முழுவதுமாக நீக்கினாலும் பயனர் வேறுபாட்டை உணரப் போவதில்லை. ‘ஹலோ வேர்ல்ட்’ என்று மட்டும் அச்சிடும் பக்கத்தை வைத்து ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிடும் வரைபடங்கள், தரவுத்தளத்தையே தொடாத தளத்தை நடத்துபவர்களுக்கு வேண்டுமானால் பயன்படலாம். மற்றவர்கள் கேட்க வேண்டியது வேறு: என் தளத்தின் கோரிக்கை எங்கே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது, எங்கே வெறுமனே காத்துக்கொண்டிருக்கிறது? மெதுவான தளங்களில் ஏறக்குறைய எப்போதும் காத்திருப்பே பெரும்பங்கு. தரவுத்தளத்துக்காக, வெளிச் சேவைக்காக, ஒரு பூட்டுக்காக, காலியாக இல்லாத ஒரு வொர்க்கருக்காக (கோரிக்கையைக் கவனிக்கும் பிஎச்பி செயல்முறை) என அது பல இடங்களில் காத்திருக்கிறது. ஃபிரேம்வொர்க்கை மாற்றினால் இவற்றில் ஒன்றுகூட மாறாது, புதிய நிரலிலும் அதே இடங்களில் அப்படியே காத்திருக்கும்.

இருந்தாலும் ஃபிரேம்வொர்க்கின் பங்கை முதலில் பேசி முடித்துவிடலாம். அதைச் சரிசெய்வது எளிது, பெரும்பாலும் அமைப்புகளை மாற்றினாலே போதும். வழக்கமான பிஎச்பி ஒவ்வொரு கோரிக்கையையும் வெறுங்கையோடு தொடங்குகிறது. கோப்புகளை ஏற்றி, அமைப்புகளைப் படித்து, ரூட்களை (எந்த முகவரிக்கு எந்த நிரல் என்ற பட்டியல்) பதிவுசெய்து, சர்வீஸ் கன்டெய்னரை (நிரலின் பகுதிகளை உருவாக்கி இணைக்கும் அமைப்பு) கட்டி, பதிலைத் தந்தவுடன் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, அடுத்த கோரிக்கைக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு கோரிக்கையின் குப்பை அடுத்த கோரிக்கையில் சேராது என்பது இந்த முறையின் பெரிய நன்மை. தொடக்கச் செலவு ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

அந்த விலையைக் குறைக்கும் முதல் கருவி ஓபிகேஷ். 2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதல் இது பிஎச்பியோடு சேர்ந்தே வருகிறது. நிரல் கோப்பை ஒருமுறை, பிஎச்பி நேரடியாக இயக்கும் பைட்கோடாகத் தொகுத்துப் பகிர்வு நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு கோரிக்கையிலும் மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. இது இயங்கினால் மட்டும் போதாது, நிறைந்து போகாமலும் இருக்க வேண்டும். இயல்பான நினைவக அளவு 128 எம்பி. வெளித் தொகுப்புகள் இருக்கும் வெண்டர் அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும் தளத்தில், அதிலும் ஒரே சர்வரில் இரண்டு மூன்று தளங்கள் ஓடினால், அது நிரம்பிவிட வாய்ப்புண்டு. நிரம்பினால் எந்தப் பிழைச்செய்தியும் பக்கத்தில் வராது. இடம் கிடைக்காத கோப்புகள் ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாகத் தொகுக்கப்படும், அவ்வளவுதான். ஓபிகேஷின் நிலையைக் காட்டும் ஃபங்ஷனை, இணையக் கோரிக்கைகளுக்கு பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் வழியாகவே ஒருமுறை அழைத்து, மீதமுள்ள நினைவகத்தையும் கோப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கும் எஃப்பிஎம்முக்கும் ஓபிகேஷ் நினைவகம் வேறுவேறு என்பதால், டெர்மினலில் அழைத்துப் பார்ப்பது தவறான விடையையே தரும். டெர்மினலிலிருந்து ஓபிகேஷைத் துடைத்துவிட்டு, தளத்தில் பழைய நிரலே ஓடுகிறதே என்று திகைப்பவர்களின் சிக்கலுக்கும் இதுவே காரணம்.

இயல்பு அமைப்பில் ஓபிகேஷ் 2 வினாடிக்கு ஒருமுறை கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்கிறது. நேரலைச் சர்வரில் அந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, புதிய பதிப்பை ஏற்றும்போது மட்டும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்வது நல்ல வழக்கம். அதோடு தொகுப்புகளை நிறுவும் கருவியான கம்போசரில் டெவலப்மென்ட் தொகுப்புகளை விலக்கி ஆட்டோலோடரை (தேவையான நிரல் கோப்பைத் தேடி ஏற்றும் பகுதி) ஆப்டிமைஸ் செய்து நிறுவுவது, லாராவெலில் கான்ஃபிக், ரூட், வியூ, ஈவென்ட் ஆகிய நான்கையும் கேஷ் செய்வது (முன்பே தயாரித்த விடையைச் சேமித்து வைப்பது), சிம்ஃபனியில் சூழலை ப்ராட் (நேரலை) என்று வைத்துக் கேஷை முன்கூட்டியே சூடாக்குவது ஆகியவை சேர்ந்தால், ஃபிரேம்வொர்க்கின் தொடக்கச் செலவு குறைய வேண்டிய அளவுக்குக் குறைந்துவிடும். லாராவெலில் கான்ஃபிக்கைக் கேஷ் செய்த பிறகு, சர்வருக்குச் சர்வர் மாறும் அமைப்புகளை வைத்திருக்கும் என்வ் கோப்பு படிக்கப்படுவதே இல்லை. கான்ஃபிக் கோப்புகளுக்கு வெளியே, ஒரு கன்ட்ரோலரின் (கோரிக்கையைக் கையாளும் நிரல்) நடுவே என்வ் ஃபங்ஷனை நேரடியாக அழைத்திருந்தால் அங்கே வெறுமைதான் கிடைக்கும். ‘கேஷ் செய்தால் தளம் உடைகிறது’ என்று சொல்லி அந்த வசதியையே கைவிட்டிருக்கும் தளங்களில் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். அந்த அழைப்புகளைக் கான்ஃபிக் கோப்புக்குள் நகர்த்தினால் தீர்ந்தது.

பிஎச்பியின் பதிப்பும் கவனிக்கத்தக்கது. 2015 டிசம்பரில் வந்த 7.0, முந்தைய 5.6-ஐவிடப் பல தளங்களில் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தைத் தந்தது; அதற்குப் பின் வந்த பதிப்புகளின் முன்னேற்றம் படிப்படியானது. 2020-இல் 8.0-உடன் வந்த ஜிட் (ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) பற்றி நிறைய எதிர்பார்ப்பு இருந்தது. கணிதம், படச் செயலாக்கம் போன்ற வேலைகளில் அதன் பயன் தெரியும். நேரத்தில் பெரும்பகுதியைத் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து கழிக்கும் இணையதளத்தில் ஜிட் செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. பிழைதேடும் கருவியான எக்ஸ்டீபக் நேரலையில் ஏற்றப்பட்டிருக்கிறதா, கண்காணிப்புக் கருவிகளான டீபக்பாரும் டெலஸ்கோப்பும் எல்லாக் கோரிக்கைகளையும் பதிவுசெய்துகொண்டிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் அரை நாள் வேலை. இதற்குப் பிறகும் பக்கம் இரண்டரை வினாடி எடுத்தால் (எடுக்கும்), அப்போது ஃபிரேம்வொர்க்கைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்க வேண்டும்.

அளவீட்டின் முதல் படி, பயனர் உணரும் நேரத்தை இரண்டாகப் பிரிப்பது: சர்வர் முதல் பைட்டைத் தரும் வரை ஆன நேரம், அதன் பிறகு உலாவி பக்கத்தைக் கட்டி முடிக்க ஆன நேரம். உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து முதல் கோரிக்கையைச் சொடுக்கினாலே இது தெரிந்துவிடும். முதல் பைட் 200 மில்லிவினாடியில் வந்துவிட்டு, பக்கம் நான்கு வினாடிக்குப் பிறகே நிறைவுபெறுகிறது என்றால், பிஎச்பியை எவ்வளவு மெருகேற்றினாலும் வீண். சிக்கல் படங்களிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. முதல் பைட்டே இரண்டரை வினாடி எடுக்கிறது என்றால் சர்வருக்குள் இறங்கலாம். அங்கே வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் பதிவில் மொத்தக் கோரிக்கை நேரத்தையும் பிஎச்பி எடுத்த நேரத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நூறில் தொண்ணூற்றைந்து கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பாருங்கள். நூறில் தொண்ணூறு கோரிக்கைகள் 100 மில்லிவினாடியிலும் பத்து 5 வினாடியிலும் முடிந்தால், சராசரி 590 மில்லிவினாடி என்று வரும். அந்த எண் எந்தப் பயனரின் அனுபவத்தையும் காட்டவில்லை.

எஃப்பிஎம்மில் அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு: ஸ்லோலாக். ஒரு கோரிக்கை நீங்கள் குறித்த நேரத்தைத் தாண்டினால், அந்தக் கணத்தில் பிஎச்பி எந்தக் கோப்பின் எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது என்ற முழுத் தடத்தையும் அது எழுதி வைக்கும். இரண்டு வினாடி என்று குறித்துவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே வரி வந்தால் அதுதான் உங்கள் சிக்கல். பணம் கொடுத்து வாங்கும் ப்ரொஃபைலர்கள் இதைவிட விரிவான படத்தைத் தரும். ஆனால் அவற்றை வாங்குவதற்கு முன்பே பாதி விடையை இந்தக் கோப்பு தந்துவிடும்.

அந்தத் தடங்களில் பெரும்பாலானவை தரவுத்தள வினவலில் போய் முடியும். அதிலும் ஃபிரேம்வொர்க் சூழலுக்கே உரிய வியாதி, என் பிளஸ் ஒன் (N+1) எனப்படுவது. ஓர் ஆர்டர் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 50 ஆர்டர்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் வாடிக்கையாளரின் பெயரும் அதிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையும் காட்டப்பட வேண்டும். கன்ட்ரோலரில் ஆர்டர்களை எடுக்கும் வினவல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. லாராவெலின் பக்க வார்ப்பான பிளேடு டெம்ப்ளேட்டில், சுழற்சிக்குள், ஆர்டரின் கஸ்டமர் என்ற பண்பைத் தொட்டவுடன், லாராவெலின் தரவுத்தள அடுக்கான எலோக்வென்ட் ஒரு வினவலை அனுப்புகிறது. பொருள்களை எண்ணச் சொன்னவுடன் இன்னொன்றை அனுப்புகிறது. ஆக 1, அதோடு 50, மேலும் 50: மொத்தம் 101 வினவல்கள். தரவுத்தளம் அதே கணினியில் இருந்து ஒவ்வொன்றும் ஒரு மில்லிவினாடியில் முடிந்தால் நூறு மில்லிவினாடிதான், யாரும் கவனிக்கமாட்டார்கள். தளம் வளர்ந்து தரவுத்தளம் தனிச் சர்வருக்கு நகர்ந்த நாளில் ஒவ்வொரு வினவலுக்கும் போய்வரும் நேரமும் சேர்கிறது. அது வெறும் 5 மில்லிவினாடி என்றாலும் அரை வினாடி வெறும் பயணத்திலேயே கரைகிறது. சர்வரைப் பெரிதாக்கிய பிறகு தளம் மெதுவாகிவிட்டது என்ற விந்தையான புகாருக்கு இது ஒரு காரணம்.

இதற்கு மருந்து எளிது. ஆர்டர்களை எடுக்கும்போதே வித் என்பதால் கஸ்டமரையும், வித்கவுன்ட் என்பதால் பொருள்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்டால், பக்கப் பிரிப்புக்கான மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து மூன்றே வினவல்களில் பக்கம் முடிந்துவிடும். சிம்ஃபனியில் அதேபோன்ற டாக்ட்ரின் பயன்படுத்துபவர்கள் ஃபெட்ச் ஜாயின் மூலம் உறவுகளைச் சேர்த்தே எடுக்கலாம். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ க்வெரி லாக் (மெதுவான வினவல்களின் பதிவு) இதைக் காட்டவே காட்டாது. அந்தப் பதிவு இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும் அதன் இயல்பு வரம்பு 10 வினாடி. வரம்பை நீங்கள் அரை வினாடிக்குக் குறைத்தாலும், ஒரு மில்லிவினாடி வினவல் நூறு முறை ஓடுவது அதில் பதிவாகாது, ஏனெனில் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேகமான வினவலே. ஆகவே ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல் என்ற எண்ணிக்கையைக் கண்காணிக்க வேண்டும். லாராவெலில் ப்ரிவென்ட் லேஸி லோடிங் என்ற வசதியை டெவலப்மென்ட் சூழலில் இயக்கிவைத்தால், இப்படி மறைவாக வினவல் அனுப்பும் இடங்களில் நிரல் பிழையோடு நின்றுவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அதன் பிறகு இந்த நோய் திரும்பாது.

அடுத்தது இண்டெக்ஸ், அதாவது பதிவுகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல். நிரலாளரின் கணினியில் 200 பதிவுகள் கொண்ட அட்டவணையில் இண்டெக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம்தான். இருபது லட்சம் பதிவுகள் சேர்ந்த பிறகே குட்டு வெளிப்படும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) கட்டுப்பாட்டை அறிவித்தால் அந்த நெடுவரிசைக்குத் தானாகவே இண்டெக்ஸ் உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அப்படிச் செய்யாது. லாராவெல் மைக்ரேஷனில் (அட்டவணையை அமைக்கும் நிரல்) ஃபாரின்ஐடி என்று மட்டும் எழுதி கன்ஸ்ட்ரெயின்ட் என்று சேர்க்காமல் விட்டால் கட்டுப்பாடும் உருவாகாது, இண்டெக்ஸும் உருவாகாது. வெறும் எண் நெடுவரிசை மட்டுமே கிடைக்கும். பெயரைப் பார்த்து இண்டெக்ஸ் இருப்பதாக நம்பிவிடுவது வெகு எளிது. ஆகவே சந்தேகத்துக்குரிய வினவலை எடுத்து எக்ஸ்ப்ளெயின் (வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள், மைஎஸ்க்யூஎல் 8.0.18 முதல் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் உண்டு, அது வினவலை உண்மையாகவே ஓட்டி ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் இடங்கள் சில உண்டு. தேதி நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால் அந்த நெடுவரிசையின் சாதாரண இண்டெக்ஸ் உதவாது; லாராவெலின் வேர்டேட் உள்ளே செய்வது இதைத்தான். அதற்குப் பதிலாக, அந்த நாளின் தொடக்கத்துக்கும் மறுநாளின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை என்று வரம்பாகக் கேட்கலாம். தேடுசொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி போட்ட லைக் வினவலுக்கும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. கடையையும் தேதியையும் சேர்த்து, கடை முதலிலும் தேதி அடுத்தும் வருமாறு அமைத்த கூட்டு இண்டெக்ஸ், தேதியை மட்டும் கொண்டு தேடும்போது பொதுவாகக் கைகொடுக்காது. இடமிருந்து வரிசையாகத்தான் அது பயன்படும். பக்கப் பிரிப்பில் ஐயாயிரமாவது பக்கத்தைக் கேட்டால், ஆஃப்செட் முறை அதற்கு முன்னுள்ள பதிவுகள் அனைத்தையும் கடந்து, கடந்தவற்றைத் தூக்கி எறிந்துவிட்டே வர வேண்டியிருக்கும். கடைசியாகப் பார்த்த ஐடிக்குப் பிந்தையவை என்று கேட்கும் கர்சர் முறை எவ்வளவு ஆழத்திலும் ஒரே வேகத்தில் இயங்கும். தேடுபொறிகளின் ரோபோக்கள் மனிதர் யாரும் போகாத ஐயாயிரமாவது பக்கத்துக்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். தரவுத்தளச் சர்வரில் இன்னோடிபி பஃபர் பூலின் (தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம்) இயல்பு அளவு 128 எம்பிதான் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 16 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரை வாங்கி வைத்துக்கொண்டு இந்த ஓர் எண்ணை மாற்றாமல் ஓட்டினால், வாங்கிய நினைவகத்தில் பெரும்பகுதி தரவுத்தளத்தின் கைக்கு எட்டாமலே கிடக்கும்.

வினவல்களைச் சரிசெய்த பிறகும், ஒரே பயனர் டாஷ்போர்டைத் திறந்தால் மட்டும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது என்றால் செஷன் (பயனரின் விவரங்களைக் கோரிக்கைகளுக்கிடையே வைத்திருக்கும் இடம்) பூட்டைச் சந்தேகியுங்கள். பிஎச்பியின் இயல்பான கோப்புச் செஷன், கோரிக்கை முடியும் வரை அந்தப் பயனரின் செஷன் கோப்பைப் பூட்டி வைக்கிறது. டாஷ்போர்டு ஒரே நேரத்தில் ஆறு ஏஜாக்ஸ் (பின்னணியில் செல்லும்) கோரிக்கைகளை அனுப்பி, ஒவ்வொன்றும் 300 மில்லிவினாடி எடுத்தால், அவை இணையாக முடியாமல் வரிசையில் நின்று, கடைசியானது 1.8 வினாடிக்குப் பிறகே முடியும். செஷனிலிருந்து வேண்டியதைப் படித்தவுடன் அதை எழுதி மூடிவிடுவது இதற்குத் தீர்வு. பிஎச்பியின் சொந்தச் செஷனைப் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்குகளில் இந்தச் சிக்கல் வரும். லாராவெல் தன் சொந்தச் செஷன் முறையில் இயல்பாகப் பூட்டுவதில்லை, அதற்குப் பதிலாக இரண்டு கோரிக்கைகள் ஒரே செஷனில் எழுதினால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும் அபாயம் அங்கே உண்டு.

இனி வருவது, தளம் மெதுவாவதோடு நில்லாமல் முற்றாக நின்றே போகும் நிலை. எஃப்பிஎம்மில் ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும். 20 வொர்க்கர்கள் இருந்து, ஒரு கோரிக்கை சராசரியாக 100 மில்லிவினாடி எடுத்தால், வினாடிக்கு 200 கோரிக்கைகள் வரை தாங்கும். இப்போது பத்தில் ஒரு கோரிக்கை வெளிச் சேவை ஒன்றை அழைக்கிறது, குறுஞ்செய்தி அனுப்புவதற்கோ பணம் செலுத்தியதைச் சரிபார்ப்பதற்கோ என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேவை ஒரு நாள் தடுமாறி 10 வினாடி எடுக்கத் தொடங்கினால், சராசரி நேரம் 1.09 வினாடியாகிறது; தளத்தின் கொள்திறன் வினாடிக்கு 18 கோரிக்கைகளாகச் சரிகிறது. அந்தச் சேவையோடு எந்தத் தொடர்பும் இல்லாத முகப்புப் பக்கமும் சேர்ந்தே விழுகிறது. சிபியு சும்மா இருக்கும், நினைவகம் மிச்சம் இருக்கும், ஆனால் தளம் திறக்காது. சர்வர் பெரிதாக வேண்டும் என்று முடிவெடுக்க வைக்கும் இந்த நிலையில், பெரிய சர்வர் எதையும் மாற்றாது.

இங்கே பலர் நம்பியிருக்கும் பாதுகாப்பு ஒன்று உண்மையில் பாதுகாப்பே அன்று. மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் 30 வினாடி என்று வைத்திருந்தால் அதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் ஓடாது என்று நினைக்கிறோம். லினக்ஸில் அந்தக் கணக்கு பிஎச்பி நிரல் உண்மையாக இயங்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. தரவுத்தளத்துக்காகவோ வெளிச் சேவைக்காகவோ காத்திருக்கும் நேரம் அதில் சேராது. கடிகார நேரப்படி கோரிக்கையை வெட்ட எஃப்பிஎம்மின் ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்டையே நம்ப வேண்டும். அதற்கும் முன்பாக, ஒவ்வொரு வெளி அழைப்புக்கும் தனியே கால வரம்பு வையுங்கள். வெளிச் சேவைகளை அழைக்கப் பயன்படும் கஸ்ஸில் லைப்ரரியின் இயல்பு வரம்பு, முடிவில்லாமல் காத்திருப்பது. லாராவெலின் எச்டிடிபி கிளையன்ட் 30 வினாடி என்று வைத்திருக்கிறது, அதுவும் பயனர் காத்திருக்கும் பக்கத்துக்கு மிக அதிகம். பயனருக்கு உடனே விடை தேவைப்படாத மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பிடிஎஃப், படச் சுருக்கம் அனைத்தையும் கியூவுக்கு (பின்னணியில் செய்யப்படும் வேலை வரிசை) அனுப்பிவிடுங்கள். நான் பார்த்த வரையில், வேகத்துக்காகச் செய்யும் மாற்றங்களில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான்.

வொர்க்கர்களின் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். எஃப்பிஎம்மோடு வரும் மாதிரி அமைப்பில் அது வெறும் 5. பிஎச்பிக்கென்று 4 ஜிபி ஒதுக்க முடிந்து, ஒரு வொர்க்கர் சராசரியாக 60 எம்பி பிடித்தால், 68 வரை வைக்கலாம். நினைவகத்தை மீறி 200 என்று வைத்தால் சர்வர் ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்குப் பதில் வட்டைப் பயன்படுத்துவது) போய் எல்லாமே தவழும். வரம்பைத் தொடும்போது எஃப்பிஎம் தன் பதிவில் எச்சரிக்கை எழுதும், ஆகவே கூட்டுவதற்கு முன் அந்தப் பதிவைப் பார்த்துவிடுங்கள்.

கேஷைப் பற்றி இதுவரை பேசாமல் தள்ளிவைத்தது தற்செயலன்று. மோசமான வினவலை, நினைவகத்தில் தரவை வைத்திருக்கும் ரெடிஸுக்குப் பின்னால் மறைத்து வைத்தால், கேஷ் காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பயனர் அந்த மூன்று வினாடியைச் சுமப்பார். நெரிசலான நேரமானால் ஒரே கணத்தில் நூறு பேர் காலாவதியான அதே விடையைக் கேட்க, நூறு வொர்க்கர்களும் ஒரே கனமான வினவலைத் தரவுத்தளத்தின் மீது ஏவும். எனவே முதலில் வினவல், பிறகு கேஷ். அப்போதும், ஒருவர் மட்டும் புதுப்பிக்க மற்றவர்கள் பழைய விடையையே பெறும்படி பூட்டோடு எழுத வேண்டும்; லாராவெலில் இதற்கென ஃப்ளெக்ஸிபிள் என்ற முறை இப்போது உண்டு. ரெடிஸில் லாராவெலின் கேஷ் க்ளியர் கட்டளை சாவிப் பெயர்களின் முன்னொட்டைப் பார்ப்பதில்லை, அந்தத் தரவுத்தள எண்ணில் இருக்கும் அனைத்தையும் துடைத்துவிடும். செஷனும் கியூவும் அதே எண்ணில் இருந்தால் பயனர்கள் அனைவரும் லாக்அவுட் ஆவார்கள், காத்திருந்த வேலைகளும் காணாமல் போகும்.

முழுப் பக்கத்தையும் எஞ்சின்எக்ஸ் மட்டத்திலேயே கேஷ் செய்வதுதான் எல்லாவற்றிலும் வேகம். பிஎச்பி எழுந்திருக்கவே தேவையில்லை. அதை அமைத்துவிட்டு, ஒன்றுமே கேஷ் ஆகவில்லையே என்று குழம்புபவர்கள் பதிலின் ஹெடர்களை (பதிலோடு வரும் குறிப்புகள்) பார்க்க வேண்டும். லாராவெலின் வெப் குழுவிலுள்ள ரூட்கள் ஒவ்வொரு பதிலோடும் செஷன் குக்கியை அனுப்புகின்றன. கேஷ் கன்ட்ரோல் ஹெடரும் இயல்பில் தனிப்பட்டது, கேஷ் செய்யாதே என்றே போகிறது. குக்கி வைக்கும் பதிலை எஞ்சின்எக்ஸ் சேமிக்காது, சேமிக்காமல் இருப்பதே சரியும்கூட. ஒருவரின் செஷன் குக்கி இன்னொருவருக்குப் போவதைவிட மெதுவான பக்கம் மேல். செஷன் தேவைப்படாத பொதுப் பக்கங்களை, செஷனும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் குறி) இல்லாத தனிக் குழுவில் வைத்து, அவற்றுக்கு மட்டும் பொது கேஷ் ஹெடரை அனுப்பலாம்.

உலாவியின் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது ஃபிரேம்வொர்க்கைப் பொறுத்ததன்று. கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோலில், பக்கத்தின் மிகப்பெரிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். பயனரின் செயலுக்குப் பக்கம் 200 மில்லிவினாடிக்குள் எதிர்வினை காட்ட வேண்டும். தளவமைப்புக் குலுங்கல் 0.1-ஐத் தாண்டக் கூடாது. பார்வைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பகுதி படங்கள்தான்: சரியான அளவில், வெப்பி அல்லது ஏவிஐஎஃப் வடிவில், அகலமும் உயரமும் குறிக்கப்பட்டு இருக்க வேண்டும். பக்கத்தின் தலைப்படத்துக்கு மட்டும் லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) போடாதீர்கள். முதலில் வர வேண்டியதை அது பின்னுக்குத் தள்ளும். வைட் போன்ற கருவிகள் கோப்புப் பெயரிலேயே ஹேஷை (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) சேர்ப்பதால், அந்தக் கோப்புகளை ஓர் ஆண்டுக்குக் கேஷ் செய்யச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, அளந்து பார்த்ததில் காத்திருப்பு குறைந்து, ஃபிரேம்வொர்க்கின் தொடக்கச் செலவே மிஞ்சி நிற்கிறது என்று தெரிந்தால், அப்போது லாராவெல் ஆக்டேன் போன்ற வழியை யோசிக்கலாம். 2021-இல் வந்த இது ஸ்வூல், ரோட்ரன்னர், ஃப்ராங்கன்பிஎச்பி ஆகியவற்றில் ஒன்றின்மீது ஓடி, பயன்பாட்டை ஒருமுறை தொடங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டே கோரிக்கைகளைக் கவனிக்கிறது. தொடக்கச் செலவு போய்விடும். கூடவே, ஒவ்வொரு கோரிக்கையும் சுத்தமான பலகையில் தொடங்கும் என்ற உத்தரவாதமும் போய்விடும். ஸ்டேட்டிக் மாறியில் வைத்த பயனர் விவரம் அடுத்தவரின் கோரிக்கையிலும் அங்கேயே இருக்கும். சிங்கிள்டன் (ஒருமுறை மட்டும் உருவாக்கப்படும் பொருள்) ஒன்று தன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிய ரிக்வெஸ்ட் பழையதாகவே நிற்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் சற்றே வளரும் ஓர் அரே நாள் முழுதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆக்டேன் இயல்பில் 500 கோரிக்கைகளுக்கு ஒருமுறை வொர்க்கரைப் புதுப்பிப்பது இந்தக் கடைசிச் சிக்கலைத்தான் சமாளிக்கிறது, முதல் இரண்டையும் அல்ல. அவற்றை உங்கள் நிரலிலும், நீங்கள் நிறுவியிருக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும், நீங்களேதான் தேடிக் களைய வேண்டும். அந்த ஆய்வு முடியாமல் லாகின் உள்ள தளத்தை ஆக்டேனுக்கு மாற்றாதீர்கள்.